தாடிக்குள் நட்சத்திரம் வைத்தவள்

தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள நமக்கெல்லாம் கொஞ்சம் கூச்சம் உண்டு. அதனால் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திவைத்து அவர் வாயால் புகழ வைக்கிறோம். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் மெசபடோமியாவில் ஷுல்கி என்று ஒரு ராஜா இருந்தான். அவனுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. அவன் தலைநகரின் பெயரே ஊர். நிப்பூர் என்ற இன்னொரு நகரத்திலிருந்து அந்த ஊருக்கு ஓடி, பூசையை முடித்துவிட்டு, அடிக்கிற ஆலங்கட்டி மழையில் அதே நாளில் திரும்பியும் ஓடியதாக அவனுடைய புகழ்ப் பாட்டு சொல்கிறது. பாட்டில் பேசுகிறவனும் அவன்தான். இதில் எத்தனை பங்கு ஓட்டம், எத்தனை பங்கு புளுகு என்று ஆராய்வது படித்தவர்கள் பாடு. நமக்கு வேண்டியவள் அந்த ராஜாவாக இருந்த தையல்காரி.

அவளை எல்லோரும் ஏணி என்றார்கள். வயதில் சின்னவர்கள் ஏணியக்கா என்றார்கள்.

பெயர் வந்தது பள்ளிக்கூடத்தில். குரூப் போட்டோவில் அவள் பின்வரிசை, அங்கேயும் முழங்காலை மடக்கித்தான் நிற்க வேண்டும். நாடகம் என்றால் அவளுக்கு மரம் வேஷம். ஒரு வருஷம் பதவி உயர்வு கிடைத்துக் கோட்டைச் சுவர் ஆனாள். சுவருக்கு வசனம் இல்லை. எதிரிப் படைத்தலைவன் அதன்மேல் ஏறி உள்ளே குதிப்பான். குதித்த பையன் மறுநாள் வகுப்பில், "சுவரா அது? ஏணிடா!" என்றான். ஒட்டிக்கொண்டுவிட்டது.

"கொஞ்சம் குனிஞ்சு நடடி, மாப்பிள்ளை கிடைக்க மாட்டான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"குனிஞ்சு நடந்து ஒருத்தன் கிடைச்சா, நிமிர்ந்த அன்னிக்கு ஓடிடுவானேம்மா" என்பாள் ஏணி.

நிமிர்ந்தே நடந்தாள். கிடைத்தவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் தோளுக்கு வருவார். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களுக்கு அன்று சாப்பாட்டைவிட இதுதான் ருசித்தது. "ஏணிக்கு லிஃப்ட்டா? இனிமே அந்த வீட்டுக்குப் படிக்கட்டே வேண்டாம்பா!" மாப்பிள்ளை அசரவில்லை. "அண்ணாந்து பார்த்துப் பொழைக்கிறதுதானேங்க என் தொழில்?" என்றார். அன்றைக்கே அவள் அவரிடம் விழுந்துவிட்டாள், அவ்வளவு உயரத்திலிருந்து.

முதலாளி ஒருவர் இருந்தார். அவரிடம் ஓர் அச்சகமும் ஒரு பழைய சினிமா கொட்டகையும் இருந்தன. அச்சகத்தில் சிறுவர்களுக்கான படக்கதை வந்துகொண்டிருந்தது: 'மின்னல்கால் ஷுல்கி'. அதில் ஷுல்கி ஆலங்கட்டிகளுக்கு இடையே நனையாமல் ஓடுவான். எல்லா மொழியும் தெரியும், கழுதையின் மொழி உட்பட. வெளிச்சத்தைத் தின்னும் புழுதிப் பூதம் என்ற வில்லனை வாரம் ஒருமுறை அடித்து நொறுக்குவான். அதுவும் வாரம் ஒருமுறை தூசி தட்டிக்கொண்டு எழுந்துவரும். படம் போடுகிறவர் ஒல்லியான மனிதர், காது மடல் வரை மை. எல்லோருக்கும் படக்காரர். ஷுல்கியின் நிஜமான சின்னச் சிலைகள் சிலவற்றில் தலையும் முகமும் மழித்திருப்பதாக அவர் எங்கோ பார்த்துவிட்டு வந்து சொன்னார். முதலாளி சிரித்தார். "தாடி இல்லாத ராஜாவுக்கு எவன்யா காசு கொடுப்பான்? போடு, தொப்புள் வரைக்கும்!"

கதை விற்றது. விற்றதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையில் அதையே நாடகமாகப் போட்டார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த தையல் அறைக்கு ஏணியக்கா வேலைக்குச் சேர்ந்தாள். இஸ்திரிப் பெட்டியின் ஆவி, எண்ணெய் போட்ட மெஷின், உயரமான அலமாரியில் துணிச் சுருள்கள். அந்த அலமாரியின் மேல்தட்டை ஸ்டூல் போடாமல் எட்டியது அவள் ஒருத்திதான்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. மெஷின் முதலாளியுடையது, துணி முதலாளியுடையது. கத்தரியும் குண்டூசியும் தைக்கிறவருடையது. மற்றவர் கத்தரியைத் தொட்டால் கொலைக்குற்றம். குண்டூசியை எடுத்தால் அதற்குச் சற்று கீழே. ஏணியக்காவின் குண்டூசிகள் கண்ணாடித் தலை வைத்தவை. வேலை செய்யும்போது வாயோரத்தில் வரிசையாகக் கவ்விக்கொள்வாள். அவளிடம் வாய்ச்சண்டைக்கு வருகிறவர்கள் அவள் வாயில் ஊசி இருக்கும் நேரமாகப் பார்த்து வருவார்கள். மற்ற நேரத்தில் வந்து ஜெயித்தவர் இல்லை.

ராஜாவின் அங்கியை அவள்தான் தைத்தாள். துணி மாட்டிப் பார்க்கக் கடையில் விற்கும் பொம்மைக்கு ராஜாவின் உயரம் இல்லாததால், தன் மேலேயே போட்டுப் பார்த்துத் தைத்தாள். தாடியையும் அவளே கட்டினாள். வலைத்துணியில் குதிரை ரோமத்தையும் கருப்புக் கம்பளியையும் கோத்து, சுருள் சுருளாகச் சூடு காட்டி, அடுக்கடுக்காக. ஒரு தாடி கட்டி முடிக்க ஒரு பருவமே போய்விடும். அவள் நாத்தனார் கீழ்மாடியில் குடியிருந்தாள். யாராவது கேட்டால், "எங்க அண்ணியா? பெரிய வேலை. தாடி ஒட்டுறாங்க" என்பாள்.

முதல் ராஜா கட்டுமஸ்தான ஆள். குதிரை ரோமம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தபோது புழுதிப் பூதத்தின் முன் நெஞ்சை நிமிர்த்தி நின்று ஒரு தும்மல் போட்டான். தாடி பறந்துபோய் முன்வரிசையில் ஒரு பெரியவர் மடியில் விழுந்தது. திரையை இழுத்தார்கள். உள்ளே வந்தவன், "ராஜாவும் வேண்டாம், ரோமமும் வேண்டாம்!" என்று அங்கியைக் கழற்றி வீசிவிட்டு, மூக்கைத் துடைத்தபடி பின்வாசல் வழியே போய்விட்டான்.

வெளியே பிள்ளைகள் காலால் தரையை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரிடமிருந்து திரும்பி வந்த தாடியைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி சுற்றிலும் பார்த்தார். அங்கி யாருக்குச் சேரும்? அது யார் உடம்பில் தைக்கப்பட்டதோ அவளுக்கு.

"ஏணி, போட்டுக்கோ."

"எனக்கு வசனம் தெரியாது முதலாளி."

"ஓடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு வசனம் தெரியும். தையல் அறைக்குச் சுவர் மெலிசு. ஊசியைக் கவ்விக் கவ்விக் கனத்த தொண்டையும் கை கொடுத்தது. மேடையில் நடுவே நின்று, தாடிக்கு மேலே இருந்த இரண்டு கண்களால் அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அவள் எழுத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்:

"என்னைப் புகழ ஆள் தேடாதே. நானே இருக்கிறேன்!"

கொட்டகை அதிர்ந்தது. பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அதற்காகவே காத்திருந்து அதிர்ந்தது.

ஓட்டத்தின் ரகசியமும் சொல்லிவிடலாம். ராஜா ஓடுவதே இல்லை. நின்ற இடத்தில் உருளைப் பலகைமேல் காலை மாற்றி மாற்றி வைப்பான். இரண்டு ஆட்கள் அட்டையில் வரைந்த நகரங்களைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். மேலிருந்து தெர்மோகோல் உருண்டைகள் கொட்டும். வேர்த்து விறுவிறுத்து ஓடுவது ஊர், பேர் வாங்குவது ராஜா. உலகத்தில் வேறெங்கும் இல்லாத வழக்கமா இது?

முதல் நாளிலேயே ஒரு தப்பு நடந்தது. அந்தத் தொழிலில் இருப்பவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. காட்சிக்கு நடுவே அங்கியின் தோள் பிரிந்தது. திரை மறைவில் அவசரமாகக் குண்டூசி குத்தினாள். மிச்சத்தை எங்கே வைப்பது? வாயில் வைத்தால் வசனம் பேச முடியாது. கண்ணுக்குக் கீழே மெத்தென்று இவ்வளவு பெரிய ஊசிமெத்தை தொங்கும்போது வேறு எங்கே போவாள்? தாடியில் குத்திவிட்டு மேடையேறினாள். எடுக்க மறந்துபோனாள்.

லைட்காரர் வட்ட வெளிச்சத்தை அவள்மேல் போட்டார். கண்ணாடித் தலைகள் மினுங்கின.

"தாடியில நட்சத்திரம்!" என்று ஒரு குழந்தை கத்தியது.

அடுத்த இதழில் படக்காரர் அதை வரைந்துவிட்டார்: ஷுல்கி ராத்திரி ஆகாயத்தின் அடியில் அவ்வளவு வேகமாக ஓடும்போது நட்சத்திரங்கள் தாடியில் சிக்கிக்கொள்கின்றன. இருட்டு வந்தால் ஒன்றைப் பிடுங்கி எறிவான், உலகம் பளிச்சிடும். நாடகத்தின் முடிவும் அப்படியே மாறியது. பூதம் வெளிச்சத்தை விழுங்கும், கொட்டகை இருளும், ராஜா தாடியிலிருந்து ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்கித் தலைக்கு மேல் எறிவான், எல்லா விளக்கும் ஒன்றாக எரியும். எறிவது வெறும் கை. குண்டூசி விரலிடுக்கில் பத்திரமாக இருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற பக்கம் ஊசியை எறிய அவளுக்கென்ன கிறுக்கா? ஆனால் அந்த வீச்சு இருக்கிறதே! மடித்த துணிச் சுருளை மேஜைமேல் ஒரே உதறலில் விரிப்பாளே, தோளிலிருந்து முழுக்கை நீண்டு, அதே வீச்சு. தெருவில் பிள்ளைகள் அதைச் செய்து பார்த்தார்கள். எவருக்கும் அவ்வளவு கை இல்லை.

நட்சத்திரம் தன்னுடைய யோசனை என்று முதலாளி வெளியே சொல்லிக்கொண்டார். அச்சகமே அவருடையதாக இருக்கும்போது யோசனை மட்டும் யாருடையதாக இருக்க முடியும்?

இப்படி வருஷங்கள் ஓடின. நோட்டீஸில் 'ஷுல்கியாக நடிப்பவர்: ஷுல்கி' என்று போட்டார்கள். உள்ளே இருப்பது பெண் என்று தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது முதலாளியின் பயம். அதனால் யாருக்கும் சொல்லக்கூடாது. கொட்டகைக்கு வெளியே புருஷனுக்கு மட்டும் தெரியும். நாத்தனார் மகள் சுவர் முழுக்க ஷுல்கி படம் ஒட்டி வைத்திருந்தாள். "அத்தை, நீங்க ராஜாவைக் கிட்டக்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்பாள்.

"தினமும்" என்பாள் ஏணியக்கா. "நல்ல ஆளு. கொஞ்சம் தலைக்கனம்."

பேருந்தில் அவள் கம்பியைப் பிடிக்காமல் நிற்பாள். கடையில் யாராவது வரிசையில் முந்தினால் ஒன்றும் பேசாமல் பார்ப்பாள். அவர்கள் பின்னால் போய்விடுவார்கள். தாடி இல்லாத நாளிலும் ராஜா ராஜாதான்.

பிறகு அந்தச் சுவரொட்டி வந்தது. படக்கதையின் ஆண்டு விழாவுக்கு முதலாளி ஊரெல்லாம் ஒட்டியிருந்தார்: 'ராஜா முகம் காட்டுகிறார்! முதல் முறையாகத் தாடி கழற்றும் காட்சி!'

வேலை முடிந்து வரும்போது ஏணியக்கா அதைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். அந்த முகம் யாருடையது என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. உங்களுக்கு உங்கள் முகத்தைப் பற்றிச் சந்தேகம் வருமா? இத்தனை வருஷம் பூட்டி வைத்த வாய் அன்று திறந்துகொண்டது. நேரே கீழ்மாடிக்குப் போனாள்.

"ஞாயித்துக்கிழமை ஷோவுக்கு வா. முன்வரிசையில இடம் சொல்லி வைக்கறேன்."

"என்ன அண்ணி விசேஷம்?" என்றாள் நாத்தனார்.

"ராஜா தாடியை எடுக்கறாரு. உள்ள இருக்கறது நான்தான்."

நாத்தனார் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி! நீங்க சுவரா நடிச்சதே எங்க அண்ணனுக்குப் பெருமை. ராஜாவாம்ல!"

"வந்து பாரு."

"வராம? மாடிக்கு மாடி சொல்லிக் கூட்டிட்டு வரேன். நீங்க இல்லேன்னா மட்டும், அண்ணி, ஆயுசுக்கும் விடமாட்டேன்."

அவள் விடமாட்டாள். எதையும் விட்டதில்லை.

மறுநாள் தையல் அறைக்கு முதலாளி வந்தார். கூட ஓர் இளைஞன். டிவி தொடரில் போலீசாக வந்து கண்ணில் பட்டவரையெல்லாம் அறைகிற நடிகன். தாடை மட்டும் கடையில் செய்து வாங்கியது போல் அவ்வளவு ஒழுங்கு.

"ஏணி, தம்பிக்கு அளவெடு. ஒரு அங்கி வேணும்."

"என்ன வேஷம் முதலாளி?"

"ஷுல்கி."

நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்த கை அப்படியே நின்றது. "அப்ப நான்?"

"நீ எப்பவும் போல ஓடு. பூதம் புழுதி கிளப்பும் பாரு, அந்தப் புகையில நீ உள்ள வந்துடு. தாடியைக் கழட்டித் தம்பிக்கு மாட்டி அனுப்பு. தம்பி நட்சத்திரத்தை எறிவாரு, தாடியை எடுப்பாரு. ஜனங்க மூர்ச்சை போட்டு விழுவாங்க."

"ஓடறது நானு, மூஞ்சி அவருதா?"

"ஜனங்க பாவம்மா. ராஜான்னு நம்பி வந்து, உள்ள பொம்பளைன்னா ஏமாந்து போயிட மாட்டாங்க?"

"இத்தனை வருஷம் மூடி வச்சது ஏமாத்து இல்ல. தொறந்து காட்டினா ஏமாத்தா?"

"நீ நியாயம் பேசற. நான் வியாபாரம் பேசறேன்" என்றார் முதலாளி. "ரெண்டும் ஒரே மேஜையில உட்காராது." போய்விட்டார்.

இளைஞனுக்கே கூச்சமாக இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கூப்பிட்டாங்க, வந்தேன்."

"நிமிந்து நில்லு தம்பி."

"நிமிந்துதான்க்கா நிக்கறேன்."

நாடாவின் முனையைத் தரையில் மிதித்துக்கொண்டு அவள் அளவைப் பார்த்தாள். ராஜாவை நன்றாக மடித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

அன்று வீட்டில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. இருவருமே எழுந்து போகவில்லை.

"போகாத" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "அவனையே ஓடச் சொல்லு. பலகையில கால் வழுக்கி விழட்டும்."

"ராஜா லீவு போடமாட்டான்ங்க. வர்ற பிள்ளைங்க என்ன பாவம் பண்ணிச்சு?"

"அப்ப போ."

"போனா, உங்க தங்கச்சி முன்னாடி என் மூஞ்சியை எங்க வச்சுக்கறது?"

அவர் யோசித்தார். யோசிக்கும்போது கையில் ஒரு திருப்புளி இருந்தாக வேண்டும், எடுத்துக்கொண்டார். "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுச்சுன்னு வையி. உள்ள இருக்கறவங்க குதிப்பாங்க, கதவை உதைப்பாங்க. உதைச்சா இன்னும் சிக்கிக்கும். சும்மா நின்னா, எங்கயோ ஒரு சின்னச் சாமான் தன்னால போய்ச் சரியா உட்காரும், வண்டி கிளம்பிடும்."

"எந்தச் சாமான்?"

"அது தெரிஞ்சா நான் எஞ்சினியராயிருக்க மாட்டேன்?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள். பிறகு உட்கார்ந்து இளைஞனின் அங்கியை முடித்தாள். கோபத்தில் தைத்த தையல் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ராஜாவின் அங்கி என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கையிலிருந்து வேறு மாதிரி ஒன்று வெளியே போகாது.

ஒத்திகைக்கு இளைஞன் தாடி இல்லாமல்தான் வந்தான். முகம் மறைந்தால் தனக்கு நடிப்பு வராது என்றான். முதலாளி அதை மெச்சிக்கொண்டார்.

விழா அன்று கொட்டகையில் எள் போட்டால் கீழே விழாது. நாத்தனார் சொன்ன சொல் காப்பாற்றியிருந்தாள். முன்வரிசையும் அடுத்த வரிசையும் அவள் கட்டடத்து ஆட்கள். ஓரத்தில் லிஃப்ட் மெக்கானிக், சலவைச் சட்டையில், கூரையையே பார்த்துக்கொண்டு.

ஏணியக்கா அன்று ஓடியதுபோல் என்றும் ஓடியதில்லை. நகரங்களைத் தூக்கி ஓடிய ஆட்களுக்கு மூச்சு வாங்கியது. "என்னைப் புகழ ஆள் தேடாதே!" என்றாள். "நானே இருக்கிறேன்!" என்று கொட்டகையே முடித்தது. வெளிச்சம் தாடியில் பட்டுத் தெறித்தது. பூதம் உறுமியது. புகை கிளம்பியது. ராஜா புகைக்குள் மறைந்து திரைமறைவுக்கு வந்தான்.

அங்கே இளைஞன் அங்கியோடு தயார். அவள் தாடியைக் கழற்றி அவன் காதில் மாட்டினாள்.

"ஐயோ! அக்கா, என்னமோ குத்துது! கழுத்துலக்கா!"

"குண்டூசி தம்பி. பக்குவமா தலையை நிமித்தியே வச்சுக்கிட்டா குத்தாது."

"முடியாதுக்கா! எடுங்க, எடுங்க!"

முதலாளி அந்தப் பக்கமிருந்து ஓடிவந்தார். புகை தீர்ந்துகொண்டிருந்தது. "என்ன அங்க? எடுத்துத் தொலைம்மா!"

"எல்லாத்தையுமா முதலாளி?"

"எல்லாத்தையும்! சீக்கிரம்!"

"எல்லாத்தையும்?"

"உனக்கு எத்தனை தடவை சொல்லணும்?"

அவள் எடுத்தாள். ஒன்றுவிடாமல் எடுத்து, எங்கே வைப்பாளோ அங்கே, வாயோரத்தில் வரிசையாகக் கவ்விக்கொண்டாள். இளைஞன் வெளியே பாய்ந்தான். அவள் ராஜாவின் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். உள்ளே தினப்படிச் சட்டை, கழுத்தில் நாடா. இதை அவள் வேண்டுமென்று செய்தாளா? கேட்டால் அவள் சொல்லும் பதில் இதுதான்: "முதலாளி சொன்னார், செஞ்சேன். நான் சொன்ன பேச்சு கேக்கறவ." இதைச் சொல்லும்போது அவள் உங்களைப் பார்க்க மாட்டாள்.

மேடையில் இளைஞன் கால் அகட்டி நின்றான். வட்ட வெளிச்சம் அவன்மேல் விழுந்தது. தாடி தார் ரோடு மாதிரி இருண்டு கிடந்தது.

கைதட்டல் தொடங்கிய இடத்திலேயே நின்றது.

"நட்சத்திரம் எங்க?" முன்வரிசையிலிருந்து கேட்டது நாத்தனார் மகள்தான்.

இளைஞன் ஒத்திகைப்படி தாடிக்குள் கையை விட்டான். துழாவினான். ஒன்றும் இல்லை. வெறுங்கையை வீசினான். வீச்சு முழங்கையிலேயே முடிந்துவிட்டது. விளக்கைப் போடலாமா வேண்டாமா என்று லைட்காரருக்குத் தெரியவில்லை, போடவில்லை.

"இது ராஜா இல்ல" என்றது ஒரு குரல். இன்னொரு குழந்தை அழ ஆரம்பித்தது. அழுகை வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. "ராஜா எங்க? ராஜாவை என்ன பண்ணீங்க?" ஒரு செருப்பு மேடையில் வந்து விழுந்தது, ரொம்பச் சின்னச் செருப்பு.

"ஏணி!" முதலாளியின் குரல் பிசிறடித்தது. "குண்டூசி! போ! குத்து! எப்படியாவது குத்து!"

அவள் போனாள். அங்கி இல்லை, தாடி இல்லை, கழுத்தில் நாடா தொங்க, வாய் நிறைய ஊசியோடு மேடையின் நடுவுக்கு நடந்தாள். நிமிர்ந்துதான் நடந்தாள். இளைஞன் அருகே வந்து நின்றதும் யார் உயரம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். ஒரு குண்டூசியை வாயிலிருந்து எடுத்துத் தாடியில் செருகினாள்.

மினுங்கியது.

அழுகை சட்டென்று மெலிந்தது. இன்னொன்று. இன்னொன்று. எந்தச் சுருளில் எது என்று அவள் விரலுக்குத் தெரியும்.  இளைஞன் அளவெடுக்க நிற்பவனைப் போல அசையாமல் நின்றான்.

"நீ யாரு?" என்று ஒரு பொடிசு கேட்டது.

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் ஊசி. கேட்ட பக்கம் திரும்பி, ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, வேலையைத் தொடர்ந்தாள். வாய் காலியாகும்வரை கொட்டகை காத்திருந்தது. வாயில் ஊசி இருப்பதால் அவள் பேசமாட்டாள் என்று யாராவது நினைத்திருந்தால், அது தப்பு.

கடைசி ஊசியை அவள் குத்தவில்லை. இரண்டு விரலில் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். பிறகு அதை எப்போதும்போல் விரலிடுக்கில் ஒளித்துக்கொண்டு, தோளிலிருந்து முழுக்கையும் நீள, ஒரு துணிச் சுருளையே ஆகாயத்தில் விரிப்பதுபோல், வீசினாள்.

லைட்காரர் யாரையும் கேட்கவில்லை. எல்லா விளக்கையும் போட்டார்.

"ராஜா!" என்று கத்தினாள் நாத்தனார் மகள், நாற்காலிமேல் ஏறி நின்று. "அம்மா, அத்தைதான் ராஜா!"

கொட்டகை எழுந்தது. ஏணியக்கா இடுப்பில் கை வைத்து, தாடிக்கு மேலே எல்லோரும் பார்த்துப் பழகிய அந்த இரண்டு கண்களால், இம்முறை முழு முகத்தோடு, அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"என்னைப் புகழ ஆள் தேடாதே" என்றாள் கனத்த தொண்டையில்.

மீதியைக் கொட்டகை சொல்லும் என்று நிறுத்தினாள். ஆனால் யாரும் சொல்லவில்லை. அவளே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்கள். சொன்னாள்.

"நானே இருக்கிறேன்!"

தாடிக்குள்ளிருந்து முதலில் கை தட்டியது அந்த இளைஞன்தான் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். பிள்ளை நல்ல பிள்ளை.

கூட்டம் கலைந்தபோது வாசலில் முதலாளி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "முதல்ல பொய் ராஜாவைக் காட்டி, அப்புறம் நிஜத்தைக் காட்டணும்னு நான்தான் யோசிச்சேன். யோசனை வேணும் சார் எதுக்கும்." இன்னொரு பக்கம் நாத்தனார் தன் கட்டடத்து ஆட்களைக் கையைப் பிடித்து நிறுத்தி, "எங்க அண்ணி! நான் அன்னிக்கே சொல்லல? தாடி கட்டறதுன்னா லேசுப்பட்ட வேலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏணியக்கா அருகில் வந்ததும், "அண்ணி, அன்னிக்கு நான் சிரிச்சது வேற எதுக்கோ" என்றாள்.

"தெரியும்" என்றாள் ஏணியக்கா. "சுவருக்கும் காது உண்டு."

அடுத்த இதழின் அட்டையைப் படக்காரர் தானே எடுத்துக்கொண்டு தையல் அறைக்கு வந்தார். ஷுல்கி அதில் தாடி இல்லாமல் இருந்தான், முதல் முறையாக. தலையில் ஒரு மண் கூடை. "நான் பார்த்தேனே அந்தச் சின்னச் சிலைங்க, அதுல இப்படித்தான் இருக்கும்" என்றார். "மழிச்ச முகம், தலையில கூடை. கட்டடத்துக்கு மண்ணைத் தானே சுமக்கற ராஜா. அப்ப முதலாளி வேண்டாம்னுட்டாரு. இப்ப அவரே போடச் சொல்றாரு." கொஞ்சம் தயங்கி, "அவரோட யோசனையாம்" என்றார்.

அந்த முகம் நீளமாக இருந்தது. வாயோரத்தில் ஒரு குண்டூசி மினுங்கியது.

ஏணியக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். நாலாயிரம் வருஷத்து ராஜா தாடியை எடுத்தால் தன் ஜாடை இருந்ததில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்றாள். "உயரம்தான் கொஞ்சம் பத்தல."

படக்காரர் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார், இன்னும் கொஞ்சம் வளர்க்க.